இரவுப் பணியில் எத்தனை செவிலியர்?

2024 நவம்பர் 15 இரவு, உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியில் மகாராணி லட்சுமிபாய் மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு தீப்பற்றியது. அன்றிரவே பத்துக் குழந்தைகள் இறந்தன. தீயிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளில் சில அடுத்தடுத்த நாட்களில் இறந்தன. 18 படுக்கைகளுக்கான பிரிவில் அன்று 49 குழந்தைகள் இருந்தன என்று செய்திகள் சொல்லின. மறுநாள் துணை முதல்வர் பார்வையிட வருகிறார் என்று சாலையோரம் சுண்ணாம்புத் தூள் தூவி வைத்தார்கள். அந்தத் துணை முதல்வரே அதைக் கண்டித்து, தூவியவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாசலில் கதறிக்கொண்டிருந்த வேளை அது.

ஜான்சி முதலாவதும் அல்ல, கடைசியும் அல்ல. 2021 ஜனவரி 9 அதிகாலை மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனைத் தீயில் பத்துக் குழந்தைகள். அதே ஆண்டு நவம்பரில் போபால் கமலா நேரு மருத்துவமனையில் நான்கு. 2024 மே 25 இரவு தில்லி விவேக் விஹாரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு; அதன் உரிமம் மார்ச் மாதமே காலாவதி, அனுமதி ஐந்து படுக்கைகளுக்கு, உள்ளே இருந்ததோ பன்னிரண்டு குழந்தைகள். 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தூரின் பெரிய அரசு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த இரண்டு குழந்தைகளை எலி கடித்தது. இரண்டும் இறந்தன. இறப்புக்குக் காரணம் எலிக்கடி அல்ல, ஏற்கெனவே இருந்த உடல் கோளாறு என்று நிர்வாகம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். காலணியைக் கழற்றிவிட்டு, கை கழுவி, அங்கி போட்டுக்கொண்டு பெற்ற தாயே உள்ளே போக வேண்டிய அறைக்குள் எலி எப்படிப் போனது? அந்தக் கேள்விக்கு இது பதில் ஆகாது.

தீயும் எலியும் பத்திரிகைக்கு வந்துவிடுகின்றன. வராத சாவுகள்தான் பெருங்கணக்கு. 2021-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 19 குழந்தைகள் முதல் 28 நாட்களைத் தாண்டுவதில்லை. ஆண்டுக்கு இரண்டேகால் கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இது நான்கு லட்சத்தைத் தாண்டும். ஒரு வயதுக்குள் நேரும் சாவுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த முதல் மாதத்தில்தான். அவற்றிலும் பெரும்பகுதி முதல் ஒரு வாரத்தில். இறப்புக் குறிப்பில் எழுதப்படுபவை நான்கைந்து காரணங்கள்தான்: குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, பிறந்ததும் மூச்சுத் திணறல், கிருமித்தொற்று, பிறவிக் குறை. கடைசியில் உள்ளதில் ஒரு பகுதியை விட்டுவிட்டால், மற்றவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் வழியை மருத்துவம் கண்டுபிடித்து எத்தனையோ காலமாகிறது.

முன்பெல்லாம் இந்தச் சாவுகளுக்கு ஒரு விளக்கம் கைவசம் இருந்தது: பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெறுகிறார்கள், மருத்துவமனைக்கு வருவதில்லை. 2005-ல் ஜனனி சுரக்‌ஷா யோஜனா வந்தது. மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் கையில் பணம். 2005-06-ல் நாட்டின் பிரசவங்களில் 38.7 விழுக்காடுதான் மருத்துவமனைகளில் நடந்தது. 2019-21-ல் அது 88.6 விழுக்காடு. பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாடு தன் பிரசவ அறையை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றியது சாதாரணக் காரியமல்ல. ஏழைப் பெண்கள் அரசு சொன்னதைக் கேட்டார்கள். நிறைமாதத்தோடு ஆட்டோவிலும் டிராக்டரிலும் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 விழுக்காடு. நூற்றில் எண்பத்தொன்பது பிள்ளைகள் மருத்துவமனையில் பிறக்க, நாற்பத்திரண்டுக்குத்தான் முதல் மணி நேரத்தில் தாயின் மார்பு கிடைக்கிறது. இதற்கு மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். குழந்தையைத் துடைத்துத் தாயின் மேல் போட்டு, பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை. அல்லது அடுத்த மேசையில் இன்னொரு தாய்க்குத் தலை தெரிந்துவிட்டது.

தரமற்ற சிகிச்சை ஆளைக் கொல்லும் என்பதை 2018-ல் லான்செட் ஆய்விதழின் ஆணையம் எண்களாகவே போட்டுக் காட்டியது. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் ஆண்டுக்கு 86 லட்சம். அவற்றில் 36 லட்சம் பேர் மருத்துவமனையை எட்டாதவர்கள். 50 லட்சம் பேர் எட்டியும் செத்தவர்கள், சிகிச்சை சரியில்லாததால். இந்தியாவில் மட்டும் அந்த இரண்டாவது வகை 16 லட்சம். பச்சிளங்குழந்தைகளும் அந்தக் கணக்கில் உண்டு. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று இருபது ஆண்டுகளாகத் திட்டம் போட்டவர்கள் இந்த எண்களை இன்னும் உள்வாங்கியதாகத் தெரியவில்லை.

தரம் என்றதும் நம் ஆட்சியாளர்களுக்கு நினைவுக்கு வருவது கட்டடமும் கருவியும். வார்மர், வென்டிலேட்டர், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு: இவற்றுக்கு நாடா கட்டி வெட்டலாம், பலகை வைக்கலாம். பழுதானால் பார்க்க உயிர்மருத்துவப் பொறியாளர் இருக்கிறாரா, அந்த அறையின் மின்கம்பிகள் இத்தனை கருவிகளைத் தாங்குமா என்பதற்குப் பலகை கிடையாது. பண்டாராவில் தீ ஒரு மின்கருவியிலிருந்துதான் கிளம்பியது. அங்கே கடைசியில் குற்ற வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் அன்றிரவு பணியில் இருந்த இரண்டு செவிலியர்கள். கருவியை வாங்கியவர், பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கவனிக்காதவர், தீத்தடுப்பு ஏற்பாட்டுக்கான கோப்பை மேசையில் கிடப்பில் போட்டவர் என்று எல்லோரும் பகல் பணிக்காரர்கள். இரவு இரண்டு மணிக்கு அவர்களில் யாரும் அங்கே இல்லை.

பிரசவ அறையில் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு, பிறந்ததும் மூச்செடுக்க யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே அழுதுவிடும். அப்படியும் அழாத பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குள் முகமூடி வைத்து ஆம்பு பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். பொன்னான நிமிடம் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அந்தப் பை விலை அதிகமில்லை. ஆனால் குழந்தைக்கு ஏற்ற அளவு முகமூடி அலமாரியில் பூட்டிக் கிடந்து, சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகும். பிழைத்தாலும் அந்தப் பிள்ளை மூளைவாதத்தோடு வளரக்கூடும். இறப்புக் கணக்கில் அது வராது. ஆயுள் முழுக்க அதைச் சுமக்கும் தாயின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கிருமித்தொற்று இதைவிடக் கொடியது. அதை மருத்துவமனையே கொடுக்கிறது. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஏழில் ஒன்றுக்கு ரத்தத்தில் தொற்று. இறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அதுவே காரணம். பெரும்பாலான தொற்று பிறந்த மூன்று நாட்களுக்குள் வந்தது. முன்னணியில் நின்ற கிருமிகள் அசினட்டோபாக்டர், கிளெப்சியெல்லா; பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் அடங்காதவை. கடைசிப் பிடிமானம் என்று மருத்துவர்கள் பூட்டி வைத்திருக்க வேண்டிய ஆன்டிபயாடிக்குகளை மூன்று நாள் குழந்தைக்கு முதல் மருந்தாகப் போடும் நிலை இப்படித்தான் வந்தது. ஒரு குழந்தையைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த குழந்தையைத் தொடுவது, ஒரே வார்மரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைப்பது, குழாயில் தண்ணீர் வராதது: இவைதான் இதற்கெல்லாம் ஊற்று. இவற்றுக்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பதில் பயனில்லை.

கை கழுவாத செவிலியரைத் திட்டுவது எளிது. மாவட்ட மருத்துவமனைகளின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், எஸ்.என்.சி.யூ. என்று எல்லோரும் சொல்லும் அந்த இடத்தில், மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் ஒவ்வொரு பணிநேரத்திலும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒருவர் தனியாக வேண்டும். நாட்டின் எந்த மாவட்டத்திலும் ராத்திரி ஒரு மணிக்குப் போய் எண்ணிப் பார்க்கட்டும். பல இடங்களில் அந்தக் கணக்கைவிட அதிகக் குழந்தைகளுக்கு ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் ஏற்ற வேண்டும், ஊசி போட வேண்டும், சர்க்கரை அளவு பார்க்க வேண்டும், ஆக்சிஜன் அளவைக் குறிக்க வேண்டும், புதிதாக வந்த குழந்தையைச் சேர்க்க வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் இடையில் முறைப்படி கை கழுவினால் ராத்திரி முழுக்கக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிரிட்டனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைப் பிரிவுகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொன்னது: பிரிவு நிரம்பி வழியும் நேரத்தில் சேர்க்கப்படும் குழந்தை செத்துப்போகும் வாய்ப்பு, இடம் இருக்கும்போது சேர்க்கப்படும் குழந்தையைவிடக் கூடுதல். பணக்கார நாட்டிலேயே அந்தக் கதை.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. 2003-ல் மேற்கு வங்கத்தின் மிகப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றான புருலியாவில், மருத்துவர் அருண் சிங் மாவட்ட மருத்துவமனையில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவை உருவாக்கினார். செவிலியர் போதவில்லை. அக்கம்பக்கத்து இளம்பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, குழந்தை உதவியாளர்களாகச் செவிலியர்களுக்குத் துணையாக நிறுத்தினார். எடை பார்ப்பது, சூடு தணியாமல் பார்த்துக்கொள்வது, பால் புகட்டுவது, கை சுத்தம்: இதெல்லாம் அவர்கள் வேலை. நாடு முழுக்க எஸ்.என்.சி.யூ. திறக்க ஆரம்பித்தபோது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது அதுதான். கட்டடத்தையும் கருவியையும் அப்படியே நகலெடுத்தார்கள். அந்தப் பெண்களை மட்டும் நகலெடுக்க மறந்துவிட்டார்கள்.

பட்டியல் போட்டு, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புவோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது, அதுவும் உத்தரப் பிரதேசத்தில். மருத்துவர் அதுல் கவாண்டே குழுவினர் 24 மாவட்டங்களில் 120 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, பாதிக்குப் பிரசவப் பாதுகாப்புப் பட்டியலையும் பயிற்றுநரையும் கொடுத்து, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைக் கணக்கில் எடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. செய்ய வேண்டியவற்றைச் செய்வது நன்றாகவே கூடியிருந்தது. பயிற்சி பெற்ற இடங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல், மற்ற இடங்களில் நாற்பது சொச்சம். ஆனால் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வைத் தோல்வி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எங்களுக்கு அது நாட்டுக்குக் கிடைத்த மிக நேர்மையான தகவல்களில் ஒன்றாகப் படுகிறது. ஆளும் மருந்தும் மேல்சிகிச்சைக்கு வழியும் இல்லாத இடத்தில் பட்டியல் மட்டும் உயிரைக் காப்பாற்றாது என்று அது சொல்கிறது. இதையொட்டிய ஆண்டுகளில் லக்‌ஷ்யா, முஸ்கான் என்று மத்திய அரசின் தரச்சான்றிதழ்த் திட்டங்கள் வந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் சுவருக்கு வண்ணம் அடித்து, பக்கத்து வார்டிலிருந்து செவிலியர்களைக் கொண்டுவந்து நிறுத்தும் நாட்டில், சான்றிதழ் மாட்டிய சுவர் எதற்கும் சாட்சியாகாது.

குறைமாதப் பிரசவம் நேரப்போகும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியின் கதை இன்னும் கூர்மையானது. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர உதவும் மலிவான ஊசி அது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் அதைக் கிராமப்புறங்கள்வரை கொண்டுபோன ஆய்வு, பிறந்த குழந்தைகளின் ஒட்டுமொத்தச் சாவு குறைவதற்குப் பதிலாகக் கூடியதைக் கண்டது. சில ஆண்டுகளுக்குப் பின், கர்ப்ப வாரத்தை ஸ்கேன் வைத்துச் சரியாகக் கணித்து, பிறந்த குழந்தையைக் கவனிக்க வசதி உள்ள மருத்துவமனைகளில் மட்டும் அதே ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த அந்த ஆய்வில் சாவு தெளிவாகக் குறைந்தது. ஒரே மருந்து. ஓரிடத்தில் கொல்கிறது, ஓரிடத்தில் காக்கிறது. மருந்தை அனுப்பிவிட்டுக் கைகழுவும் திட்டங்களை நாங்கள் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு, இதெல்லாம் வடக்கே நடப்பது என்ற ஆறுதல் இந்நேரம் மனதுக்குள் வந்திருக்கும். அந்த ஆறுதலைத்தான் நாங்கள் அபாயம் என்கிறோம்.

தமிழ்நாடு செய்திருப்பது உண்மையிலேயே பெரிய வேலை. கிராமச் சுகாதாரச் செவிலியர், 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம், அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைக்கான சீமாங்க் மையங்கள், பச்சிளங்குழந்தைகளுக்கென்றே 108 வண்டி, கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி உதவித் தொகை, அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள். 2019-21 கணக்கில் 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனைகளில். 2020 கணக்கில் முதல் மாதச் சாவு ஆயிரத்துக்கு ஒன்பது. 2030-க்குள் ஒற்றை இலக்கத்துக்கு வர வேண்டும் என்று 2014-ல் தேசியத் திட்டம் வைத்த இலக்கைப் பத்து ஆண்டு முன்னதாகவே தொட்டாயிற்று. ஆனால் அதே ஆண்டில் கேரளத்தின் எண் நான்கு. இரண்டுக்கும் இடையே உள்ள ஐந்தை, தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிறக்கும் எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகளோடு பெருக்கிப் பார்த்தால் நான்காயிரம் பிள்ளைகளுக்கு மேல் வரும். பக்கத்து மாநிலத்தில் பிறந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவை.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். குறைமாதம், எடைக் குறைவு, தாய்க்கு ஊட்டச்சத்து இல்லை, கடைசி நேரத்தில் வெளியிலிருந்து அனுப்பினார்கள் என்று அப்போது சொன்னார்கள். அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் தருமபுரித் தாய்மார்களின் ரத்தசோகை நவம்பர் மாதம் திடீரென்று வந்ததல்ல. கடைசி நேரத்தில் ‘பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்று சொல்வதும் ஒரு நாள் கூத்தல்ல. சிக்கல் வரும் என்று தெரிந்த குழந்தைக்கு மிகச் சிறந்த இன்குபேட்டர் தாயின் வயிறுதான். பிறக்கும் முன்பே தாயை உரிய இடத்துக்கு அனுப்பினால் பாதிப் போர் முடிந்தது. பிறந்த பிறகு, துணியில் சுற்றி, உடல் சில்லிட்ட நிலையில் வந்து சேரும் ஒரு கிலோ குழந்தைக்கு மாவட்டத் தலைநகரில் எந்தக் கருவியும் முழுப் பலன் தராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சங்கடமான விஷயம்தான். 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவம் சிசேரியன், தனியாரிடம் 63.8 விழுக்காடு. இவற்றில் எத்தனை தாயின் நிலைமைக்காக, எத்தனை பஞ்சாங்கத்துக்காக என்று யாரும் எண்ணவில்லை. நட்சத்திரமும் ஹோரையும் பார்த்து, ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு 37-வது வாரத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பது நம் ஊர்களில் ரகசியமல்ல. இரண்டு வாரம் பொறுத்திருந்தால் அந்தப் பிள்ளையின் நுரையீரல் இன்னும் பக்குவப்பட்டிருக்கும். பொறுக்காததால் ராஜயோக ஜாதகத்தோடு பிறந்த குழந்தை மூச்சிரைத்துக்கொண்டு மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது. பில் தனி. ஜோசியரைக் குறை சொல்லிப் பயனில்லை. கத்தி அவர் கையில் இல்லை. சேனை தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது என்று பாட்டிமார்கள் செய்வதைக் கண்டித்துச் சுவரொட்டி அடிக்கும் சுகாதாரத் துறை, இந்த நவீன மூடநம்பிக்கைக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை போடலாம்.

பிழைப்பது மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 1996-ல் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் சிகிச்சையோடு வரக்கூடிய விழித்திரை நோய் இருக்கிறதா என்று சில வாரங்களுக்குள் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு முடிந்திருந்தது. எடை குறைந்த குழந்தைகளை எவ்வளவு அதிகமாகக் காப்பாற்றுகிறோமோ அவ்வளவு அதிகமாக இந்தக் கண் பரிசோதனை தேவைப்படும். வீடு திரும்பிய பிறகு அந்தக் குழந்தையைத் தேடிப் போய்ப் பார்ப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

செவிலியர்களிடம் திரும்புவோம், எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் ஆயிரக்கணக்கில் தேர்வானவர்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்ககங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. பிறகு ஊதியம் 14,000 ஆகி, 18,000 ஆனது. நிரந்தரம் சிலருக்குக் கிடைத்தது, பலர் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு கிலோ குழந்தையின் நரம்பைத் தேடி ஊசி ஏற்றும் கை சில வருடப் பழக்கத்தில்தான் வரும். அந்தப் பழக்கம் வந்தவரைப் பொது மாறுதலில் கண் வார்டுக்கு அனுப்புவதும், அவர் வெறுத்துப்போய் வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதும் அன்றாடம் நடக்கிறது. பச்சிளங்குழந்தைச் செவிலியர் என்று தனிப் பிரிவு வைத்து, அதற்கென்று கூடுதல் படி கொடுத்து, சில ஆண்டுகள் அங்கேயே இருக்கச் செய்வதில் என்ன தடை? பணம் என்றால், ஒரு வென்டிலேட்டர் வாங்கும் பணத்தில் சில செவிலியர்களுக்கு ஓராண்டு ஊதியம் கொடுத்துவிடலாம்.

செவிலியருக்கு மாற்று இல்லை. துணை உண்டு, அதைத்தான் நாம் வராண்டாவில் உட்கார வைத்திருக்கிறோம். தாயின் மார்போடு தோல்மீது தோல் படும்படி குழந்தையைக் கட்டி வைக்கும் கங்காரு முறை, கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் 1978-ல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அதை ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்றே மருத்துவ உலகம் எண்ணியது. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உள்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகள். நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயோடு வைத்தபோது, 28 நாட்களுக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. வழக்கப்படி பிரித்து வைத்தபோது 15.7. இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதைச் செய்ய, தாயும் குழந்தையும் ஒரே அறையில் சிகிச்சை பெற வேண்டும். தாய்க்கு அங்கேயே கட்டில், உணவு, கழிப்பறை வேண்டும். நம் மருத்துவமனைகளில் இன்றைக்கும் தையல் ஆறாத பெண்கள் மூன்று மாடி ஏறி, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, ‘பால் கொண்டா’ என்று உள்ளிருந்து குரல் வரும்வரை காத்திருக்கிறார்கள். அவர்களை உள்ளே விட்டால் தொற்று வரும் என்பார்கள். எலியை உள்ளே விட்ட நாடு இதைச் சொல்லக் கூடாது.

தாய் இறந்தால் விட்டுவிடாமல் விசாரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் மாவட்ட அளவில் ஆட்சியர்வரை கொண்டுபோய் அலசுகிறார்கள். தாய்மார்களின் சாவு குறைந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. குழந்தை மரணங்களுக்கும் அதேபோல் ஆய்வு நடத்த வேண்டும் என்று மத்திய அரசு 2014-லேயே வழிகாட்டி கொடுத்திருக்கிறது. நடப்பது பெரும்பாலும் படிவம் நிரப்புவதுதான். ‘எடைக் குறைவு’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். எடைக் குறைவு சாவுக்குக் காரணமல்ல. 1,600 கிராம் குழந்தைகள் எத்தனையோ பிழைத்து வீட்டுக்குப் போகின்றன. அன்றிரவு எத்தனை குழந்தைகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவர் எத்தனை மணிக்கு வந்தார், ஆன்டிபயாடிக் எப்போது தொடங்கியது, ரத்தப் பரிசோதனை முடிவு எத்தனை நாளில் வந்தது, எந்த மருத்துவமனை எத்தனை மணி நேரம் வைத்திருந்துவிட்டு அனுப்பியது என்று கேட்க வேண்டும். கேட்பது தண்டிப்பதற்காக என்று ஆனால் எல்லோரும் பொய் எழுதுவார்கள். பண்டாராவுக்குப் பிறகு எந்தச் செவிலியர் உண்மை எழுதத் துணிவார்? தனியார் மருத்துவமனைகளையும் இதில் சேர்க்க வேண்டும். அங்கே இறக்கும் குழந்தைகளும், ‘நிலைமை மோசம், அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்’ என்று கடைசி மணியில் கைகழுவப்படும் குழந்தைகளும் இன்று யார் கணக்கிலும் இல்லை.

மாநிலத்தின் ஒவ்வொரு பச்சிளங்குழந்தைப் பிரிவிலும், அரசானாலும் தனியாரானாலும், நான்கு தகவல்கள் மாதந்தோறும் பொதுவில் வர வேண்டும் என்று கேட்கிறோம். அனுமதித்த படுக்கை எத்தனை, சராசரியாக இருந்த குழந்தைகள் எத்தனை. இரவுப் பணியில் ஒரு செவிலியருக்கு எத்தனை குழந்தைகள். மருத்துவமனையில் வந்த தொற்றால் இறந்தவை எத்தனை. கடைசியாக மின் இணைப்பும் தீத்தடுப்பும் சோதிக்கப்பட்ட தேதி என்ன. இவற்றைச் சேகரிக்கப் புதிய செயலி எதுவும் வேண்டாம், இருக்கிற பதிவேடுகளில் எல்லாம் இருக்கின்றன. சட்டமன்றத்தில் அடுத்த மானியக் கோரிக்கை வரும்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் புதிய கட்டடங்களின் பட்டியலை வாசிப்பதற்கு முன், இரவுச் செவிலியர் எண்ணை மாவட்டவாரியாக அவையில் வைக்கட்டும். காலிப் பணியிடங்களை எந்தத் தேதிக்குள் நிரப்புவார் என்பதையும் அதே நாளில் எதிர்க்கட்சிகள் கேட்கட்டும்.